நடுவில் நின்ற புள்ளி

அதைத்தான் சொல்ல வருகிறேன், நடுவில் அந்தப் புள்ளி இருந்தது நிஜம். நானும் பார்த்தேன், அண்ணியும் பார்த்தார். திரை முழுக்க ஆயிரக்கணக்கில் புள்ளிகள், அத்தனையிலிருந்தும் ஒரே ஒரு புள்ளிக்குக் கோடு. விசேஷ வீட்டில் ஒருத்தர் எல்லோர் தோளிலும் கை போட்டுக்கொண்டு திரிவாரே, அந்த மாதிரி.

இணையத்தில் மட்டும் புழங்கும் ஒரு நாணயத்தின் வலைப்பின்னலைப் படம் போடுவதுதான் எங்கள் வேலை. இந்த நாணயத்துக்கு வங்கியும் கிடையாது, தலைமை அலுவலகமும் கிடையாது. யார் யாரோ தங்கள் கணினியில் ஒரு மென்பொருளை ஓட்டுகிறார்கள், அந்தக் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, அவ்வளவுதான் மொத்தமும். ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு. ஒரு நோடிடம் போய் 'உனக்கு யாரையெல்லாம் தெரியும்' என்று கேட்டால் கொஞ்சம் முகவரி கொடுக்கும். அந்த முகவரிகளிடம் போய் மறுபடி அதே கேள்வி. யாருக்கு யாரைத் தெரியும் என்று கோடு போட்டுக்கொண்டே போனால் வரைபடம். பாதி முகவரியில் ஆளே இருக்காது. எப்போதோ செத்துப்போன நோடைப் பற்றி மற்றவை இன்னும் பேசிக்கொண்டிருக்கும். கேட்டுக் கேட்டு எங்களுக்கே தொண்டை வறண்டுவிட்ட மாதிரி இருக்கும், கேட்பது என்னவோ நிரல்தான்.

ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் ஒற்றை அறை. கீழே துளை போடும் சத்தம் தரை வழியாக ஏறி நாற்காலிக் காலில் நடுங்கும். அதற்குள் அண்ணியும் நானும். வேலை அண்ணிக்குக் கிடைத்தது, என்னை ஒத்தாசைக்குச் சேர்த்துக்கொண்டார். வேலை கொடுத்த நிறுவனத்தின் மேனேஜர் படத்தைப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது, ஆனால் புதிதாக ஏதாவது கண்டுபிடித்தால்தான் அடுத்த வருஷத்துக்கு நீட்டிக்க முடியும் என்று சொல்லியிருந்தார். நீட்டிக்காவிட்டால் அண்ணி வேறு ஊருக்கு, ஒரு வங்கியின் கணினி மையத்துக்குப் போயாக வேண்டும். அண்ணன் கப்பலில் இருக்கிறான், எப்போதாவதுதான் கரை. அவர்கள் மகள் குட்டி என்னிடம் இருப்பாள். எனக்கு முட்டை வேகவைக்கத் தெரியாது, அவளுக்கோ அம்மா பக்கத்தில் இல்லாமல் தூக்கம் வராது.

அதனால்தான் அந்தப் புள்ளியைப் பார்த்ததும் அண்ணி அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"யாரோ ஒருத்தன் மொத்த நெட்வொர்க்கையும் உக்காந்து வேவு பாக்குறான்டா," என்றார். "நல்லா இருக்கட்டும். அவன் புண்ணியத்துல இன்னும் ஒரு வருஷம் இங்கயே கிடக்கலாம்."

மறுநாள் காலை மேனேஜரோடு கூட்டம். அறிக்கையை முடித்துவிட்டு, மூன்று நாற்காலியைச் சேர்த்துப் போட்டு அண்ணி படுத்துவிட்டார். குட்டிக்குக் காய்ச்சல் விட்டே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, பாவம். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. அந்தப் புள்ளியோடு ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாம் என்று தோன்றியது. கூப்பிட்டால், இடமில்லை என்று வெட்டிவிட்டது. மறுபடி வெட்டிவிட்டது. திரும்பத் திரும்பத் தட்டும்படி ஒரு சின்ன நிரலை ஓடவிட்டு, பிஸ்கட் தின்றுகொண்டு காத்திருந்தேன்.

சாயங்காலம் அந்தப் புள்ளி கதவைத் திறந்தது. எந்த நோடும் பேச ஆரம்பிக்கும்போது முதலில் தன் மென்பொருளின் பெயரைச் சொல்லும். அந்த இடத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், சில பேர் சிரிப்புக்கு எதையாவது போட்டு வைப்பார்கள். எங்கள் படத்தில் பெயர் வராது, வெறும் புள்ளியும் கோடும்தான். இது சொன்ன பெயர், இங்கிலீஷ் எழுத்தில், 'தூக்கம்வருது'.

உலகத்தில் அப்படிப் பெயர் வைக்கக்கூடிய ஆள் ஒருத்தர்தான். எனக்கு ஒரு கை தூரத்தில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆரம்பத்தில் ஒரே கணினி திணறியதால், வாடகைக்கு இன்னொன்று எடுத்து அதையும் கேள்வி கேட்க அனுப்பியிருந்தோம். அதில் மென்பொருளை ஏற்றியது அண்ணி. எங்கள் இரண்டு முகவரிகளையும் படத்தில் வரையாதே என்று நிரலிலேயே சொல்லி வைத்திருந்தோம். இடையில் வாடகைக்கு விட்டவர்கள் அந்தக் கணினியை அணைத்துப் போட்டதில் அதற்குப் புது முகவரி வந்துவிட்டது. நாங்கள் விலக்கிக்கொண்டிருந்தது பழைய முகவரியை. ஊரெல்லாம் போய்க் கதவைத் தட்டினால் ஊருக்கெல்லாம் நம்மைத் தெரியத்தானே செய்யும்?

பெயரை மாற்ற ஒரு வரி போதும், மேனேஜருக்கு ஜென்மத்துக்கும் தெரியாது. அதையும் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. அப்புறம் எழுப்பினேன்.

"அண்ணி, அந்த நடுப்புள்ளி பேசிருச்சு."

கண்ணைத் திறக்காமலே கேட்டார். "என்ன பேரு சொல்லுச்சு?"

சொன்னேன். எழுந்து உட்கார்ந்தார்.

"மெஷின அணைச்சுப் போட்டோம்னு போன வாரம் மெயில் வந்துச்சுடா. முகவரி மாறிருக்குமோன்னு ஒரு சந்தேகம். பாக்கக் கை வரல. பாத்தா எல்லாம் முடிஞ்சு போயிருமேன்னு இருந்துச்சு."

"இப்ப என்ன பண்றது?"

"என்னத்தப் பண்றது. நம்மள நாமளே புடிச்சுட்டோம். மூஞ்சி கழுவிட்டு வரேன், மேனேஜருக்குப் போன் போடு."

நாளைக் கூட்டம் முடியட்டுமே என்று மெதுவாக இழுத்தேன். அண்ணி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே, "நாளைக்கு அவரு மேல சொல்லிருவாரு. அப்புறம் இல்லாத ஆள ஊரே தேடும். அந்தத் தேடுறவங்களையும் நாமதான் மேப் போடணும்," என்றார்.

போனில் அண்ணி எதையும் மறைக்கவில்லை. அப்படியானால் எதுவுமே கண்டுபிடிக்கவில்லையா என்று மேனேஜர் கேட்டார். "நடுவுல யாரும் இல்ல சார், அவ்வளவுதான்," என்றார் அண்ணி. மேலிடத்தில் பேசிவிட்டு அடுத்த வாரம் கூப்பிடுவதாகச் சொல்லி அவர் வைத்துவிட்டார். அண்ணி உடனே அந்த வங்கிக்காரர்களைக் கூப்பிட்டு, குழந்தையோடு தங்க இடம் கொடுப்பார்களா என்று விசாரித்தார். கொடுக்க மாட்டார்களாம். செருப்பை மாட்டிக்கொண்டு குட்டியைக் கூட்டிவரக் கிளம்பினார்.

நான் அந்த முகவரியையும் விலக்கிவிட்டுப் படத்தைத் திரும்ப வரையவிட்டேன். மெதுமெதுவாக வந்தது. இந்த முறை நடு என்று ஒன்றே இல்லை. எல்லாம் பக்கத்தில் இருப்பதோடு கொஞ்சம், தூரத்தில் இருப்பதோடு கொஞ்சம். எல்லோரையும் தெரிந்தவர் என்று ஒருத்தர்கூட இல்லை. படத்திலிருந்து பெரிய புள்ளிகளாகப் பார்த்து ஒவ்வொன்றாக அழித்தேன். மிச்சமெல்லாம் வேறு வழி பிடித்துப் பேசிக்கொண்டேதான் இருந்தன. படத்தை அண்ணிக்கு அனுப்பினேன். அழகா இருக்குடா, ஆனா ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கு எவன் சம்பளம் தருவான் என்று பதில் வந்தது.

ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. புது அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரி போட்டாயிற்று: 'முடிந்தவரை தேடினோம், தலைவன் என்று யாரும் இல்லை.' ஒரு உளவாளியைவிட இது பெரிய சேதி என்று எனக்குப் படுகிறது. இன்றைக்கு இல்லாத ஆள் நாளைக்கு வந்துவிடலாம், அதை யாராவது பார்த்துக்கொண்டே இருக்கத்தானே வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள், அந்த மேனேஜர் நாற்காலியில் நீங்கள் இருந்தால் இன்னும் ஒரு வருஷம் எங்களைத் தேடச் சொல்வீர்களா, மாட்டீர்களா?