எண்பத்தெட்டு கிலோ

என் அக்கா புருஷனுக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவரைக் கண்டால் ஆகாது. நடுவில் அக்கா ஒன்றும் தெரியாதவள் மாதிரி இரண்டு பேருக்கும் காபி கலப்பாள். இந்த லட்சணத்தில் நான் கோ-கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டி ஓட்டப் போய்ச் சேர்ந்த டீமில் மெக்கானிக் யார் என்றால், அத்தான்தான்.

டீமுக்கு வண்டி ஒன்று, ஓட்டுபவர் ஒருவர். ஓனருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். அது எப்போதும் கழுத்தில் தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். அன்று காலை அவர் சொன்னது இவ்வளவுதான்: "நாலு மணிக்குள்ள ஒரே ஒரு சுத்து ஐம்பத்தெட்டு செகண்டுக்குள்ள வந்துடு. இந்த சீசன் நீதான் ஓட்டற. வரலைன்னா டாக்டர்."

டாக்டர் என்றால் பல் டாக்டர். மூன்று வருடமாக ஓட்டுகிறவர். காலை ஒன்பது மணிக்கே கையுறை மாட்டிக்கொண்டு வேலியில் சாய்ந்துவிட்டார். என் தோல்வி எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்கிற மாதிரி அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மதியம் வரை என்னுடைய நல்ல சுற்றே அறுபத்தொன்று. வளைவுக்கு வளைவு வண்டி சண்டித்தனம் செய்தது. நான் இடது பக்கம் ஒடித்தால் அது நேராகப் போனது. முழங்கை வலித்தது. சீட் வேறு தொளதொளவென்று இருந்ததால் விலா எலும்பு இரண்டு பக்கமும் இடிபட்டுக் கன்றிப்போயிருந்தது.

"வண்டி திரும்பவே மாட்டேங்குது அத்தான்."

"வண்டிக்கு என்ன? நல்லாதான் இருக்கு. திருப்பத் தெரிஞ்சவங்க திருப்பினா திரும்பும்."

"சீட்டும் ஆடுது."

"பஞ்சு வச்சுக்கோ." இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பஞ்சு எடுக்கத்தான் ஷெட்டுக்குள் போனேன். டயர் அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள் குத்தியிருந்தது. வண்டியை நான்கு தராசுகள் மேல் நிறுத்தி, ஆளை உட்கார வைத்து, சக்கரத்துக்குச் சக்கரம் எடை எழுதும் தாள். கீழே கூட்டுத்தொகை: நூற்று அறுபத்தெட்டு.

நான் பார்சல் ஆபீசில் ஆறு வருடமாக எடை போடுகிறவள். கையில் எதைக் கொடுத்தாலும் அரைக் கிலோ முன்னே பின்னே சொல்லிவிடுவேன். பெட்ரோலோடு வண்டி எண்பது. ஹெல்மெட், சூட், ஷூ எல்லாம் சேர்த்து நான் அறுபத்திரண்டு. அந்தத் தாளில் உட்கார்ந்திருந்த ஆள் எண்பத்தெட்டு கிலோ. அந்த ஷெட்டில் எண்பத்தெட்டு கிலோ ஆள் ஒருவர்தான், அவருக்குத்தான் என் அக்கா தினமும் டிபன் கட்டிக் கொடுக்கிறாள்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கார்ட்டுக்கு ஸ்பிரிங் கிடையாது. பின் சக்கரம் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் பூட்டியிருப்பதால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு ஒரு நூல் எழும்பினால்தான் வண்டி திரும்பும். அதை எழுப்புவது ஓட்டுகிறவரின் எடை. கனத்த ஆளுக்குச் சீட்டைத் தாழ்த்த வேண்டும், லேசான ஆளுக்கு உயர்த்த வேண்டும். அத்தான் தன் உடம்புக்கு அளந்து தாழ்வாகப் பூட்டிய சீட்டில்தான் நான் மூன்று வாரமாகப் பஞ்சு அடைத்துக்கொண்டு உட்கார்ந்து, எனக்கு ஓட்ட வரவில்லை என்று தினமும் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

தாளைப் பிய்த்துக்கொண்டு வந்து அவர் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன். "இது யாரு?"

பார்த்தார்.

"எனக்குக் குழி தோண்டினா டாக்டர் உங்களுக்கு என்ன தருவாரு? பல்லு கட்டி விடுவாரா?"

"வாய அடக்கிப் பேசு."

"சீட்டைக் கழட்டுங்க. பின் சக்கரத்தையும் உள்ள தள்ளணும்."

"இப்பவா? மணி ரெண்டரை. புதுசா ஓட்டறவங்க ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். சீட்டை மாத்தி, சக்கரத்தை மாத்தினா எது எதனால ஆச்சுன்னே தெரியாது."

"எது எதனால ஆச்சுன்னு எனக்கு நல்லாவே தெரியுது." ஸ்பேனரை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

நானேதான் கழற்றினேன். சீட்டுக்கு அடியில் வாஷர்களை அடுக்கி ஒரு விரல் உயர்த்தினேன். இரண்டு போல்ட்டில் கை கிழிந்தது. பிறகு பின் சக்கரங்களைப் பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ள வேண்டும். அகலம் குறைந்தால் உள்பக்கச் சக்கரம் இன்னும் சுலபமாக எழும்பும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அளக்கிற டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். டாக்டரைக் கூப்பிட முடியுமா? ஸ்டாப்வாட்ச் இந்த மாதிரி வேலைக்குக் குனிய மாட்டார்.

அத்தான் வந்து உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்தார். நான் கூப்பிடவில்லை. நன்றியும் சொல்லவில்லை. இடது பக்கம் இவ்வளவு, வலது பக்கம் இவ்வளவு என்று எண்களை மட்டும் சொல்லிக்கொண்டோம், வக்கீல் மூலம் பேசுகிற இரண்டு கட்சிக்காரர்கள் மாதிரி.

மூன்றே முக்காலுக்கு வண்டியோடு டிராக்கில் இறங்கினேன். டயர் சூடாக இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றின் முதல் வளைவில் எப்போதும்போல ஆத்திரத்தோடு ஒடித்தேன். வண்டி திரும்பியது. நான் கேட்டதைவிட அதிகமாகத் திரும்பி, புல்லில் ஏறப் பார்த்தது. அத்தனை நாளாக அதோடு மல்லுக்கட்டிப் பழகிய கை எனக்கு. அடுத்த வளைவில் பாதிதான் திருப்பினேன். பின்னால் ஒரு சக்கரம் மெல்ல எழும்பி இறங்குவது முதுகுக்குத் தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் நான் கெட்ட வார்த்தையில் அத்தானை வைதுகொண்டே போனேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஸ்டாப்வாட்ச் கையைத் தூக்கிக் காட்டினார். ஐம்பத்தேழு புள்ளி எட்டு. டாக்டர் கையுறையைக் கழற்றி, ஒவ்வொரு விரலாக மடித்து, காரில் ஏறினார்.

"இந்த சீசன் நீதான்" என்றார் ஸ்டாப்வாட்ச். அத்தானின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். "செட்டிங் பிரமாதம்பா."

ஸ்டாப்வாட்ச் போனதும் நான் அத்தானைக் கேட்டேன். எனக்கு அது வாக்குமூலமாக வேண்டியிருந்தது, அக்காவிடம் அப்படியே ஒப்பிக்க.

"இப்பவாவது சொல்லுங்க. வேணும்னேதான பண்ணீங்க?"

அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னு பண்ணல. அன்னைக்கு தராசு வந்துச்சு, சீட்டுல யாராவது உக்காரணும். உக்காந்தேன்."

"ஓட்டப்போறது நான்."

"ஆமா. அது எனக்குத் தோணவே இல்ல."

பொய் சொல்லவில்லை. அவர் பொய் சொன்னால் காது சிவக்கும். அக்கா கல்யாணத்திலிருந்தே எனக்கு அது தெரியும். காது சாதாரணமாக இருந்தது. அதுதான் என்னை அறைந்தது. திட்டம் போட்டுக் கவிழ்த்திருந்தால்கூட என்னை ஓர் ஆளாக மதித்திருக்கிறார் என்று அர்த்தம். மூன்று வாரமாக நான் சண்டை போட்டுக்கொண்டிருந்த மனுஷர், சண்டையில் நான் இருப்பதையே கவனிக்கவில்லை.

"தராசை எடுத்துட்டு வாங்க" என்றேன்.

"காலையில பாத்துக்கலாம். டைம்தான் வந்துடுச்சே."

"எடுத்துட்டு வாங்க அத்தான்."

கொண்டு வந்து நான்கு சக்கரத்துக்கும் அடியில் வைத்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். எண்கள் ஓடி நின்றன. பேனாவை எடுத்துக் கூட்டிப் பார்த்தார்.

"நூத்தி நாப்பத்திரண்டு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ இவ்வளவுதானா?"

"எழுதுங்க."

எழுதினார். நான் இறங்கவில்லை. அடித்துவிட்டு, பெரிய எழுத்தில் இன்னொரு தடவை எழுதச் சொன்னேன்.