மார்ச் இருபத்து நான்கோடு முடியும் கலண்டர்

1

முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. பிழை பார்க்கத் தந்தார்கள். என் பெயர் சுஹைரா. திருகோணமலை உட்துறைமுக வீதியில் அபூதாஹிர் காக்காவின் அச்சகத்தில் வேலை; காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கலண்டர் எதுவானாலும் என் மேசையைத் தாண்டித்தான் இயந்திரத்துக்குப் போகும். இடையில் நேரம் கிடைத்தால் கதை எழுதுவேன். காக்காவுக்கு அது தெரியும். கண்டுகொள்வதில்லை.

இரண்டு தடவை தொடங்கிப் பார்த்தேன்.

உலகம் முடிய எண்பத்து நான்கு நாட்கள் இருந்தபோது துறைமுகத்தின் மேலே ஒரு [ஒரு என்ன? அன்று நான் வானத்தைப் பார்க்கவே இல்லை. விட்டேன்.]

பாஸ்டர் சோமசேகரம் ஒரு பைத்திய [இதை எழுதிய கையோடு வெட்டினேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.]

ஆகவே நடந்தபடியே சொல்கிறேன்.

2

2023 டிசம்பரில் பாஸ்டர் வந்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் கடல்மட்டம் குறித்தவர். ஓய்வு பெற்றபின் கப்பல்துறை என்ற ஊரில் ஒரு ஜெபவீடு நடத்துகிறார். சபையில் முப்பத்தொரு பேர். நாள் கிழிக்கும் கலண்டர் ஐம்பது பிரதி வேண்டும் என்றார். எழுதிக் கொண்டுவந்த தாள்கள் ஜனவரி ஒன்றில் தொடங்கி மார்ச் இருபத்து நான்கில் நின்றன.

"மிச்சத்த எப்ப தருவீங்க பாஸ்டர்?" என்று கேட்டார் காக்கா.

"மிச்சம் இல்லை."

"எழுதி முடியலியா?"

"நாள் முடிஞ்சுது."

காக்கா என்னைப் பார்த்தார். நான் தாள்களைப் பார்த்தேன்.

பாஸ்டர் பொறுமையாக விளக்கினார். தானியேலின் புத்தகத்தில் 'ஒரு காலமும், காலங்களும், அரைக்காலமும்' என்று இருக்கிறது. அதாவது மூன்றரை வருடம். பரிசுத்த இடத்தில் பாழாக்கும் அருவருப்பு நிற்கும் நாளிலிருந்து எண்ண வேண்டும். அது நின்றது 2020 ஒக்டோபர் மூன்றாம் திகதி. எபிரேயக் கணக்கில் ஏழாம் மாதம் பதினைந்து. அன்று ஒரு மான் ஜெபவீட்டுக்குள் ஏறி, பிரசங்க மேடையில் நின்று, பூச்சாடியில் இருந்ததையெல்லாம் தின்றுவிட்டது.

[வெளியூர் வாசகருக்கு: எங்கள் ஊரில் மான்கள் கடைத்தெருவில் திரியும். பொலித்தீன் பைகூடத் தின்னும். இதை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனை செய்திருந்தால் பாம்பு போட்டிருப்பேன்.]

அதிலிருந்து மூன்று வருடம். பிறகு அரை வருடத்துக்கு ஆறு மாதம். கொண்டுபோய் விடுவது முதலாம் மாதம் பதினைந்தில். யூதரின் பஸ்கா பண்டிகை. மார்ச் 24.

"எண்பத்தி நாலு தாள் மெலிசு, கம்பி நிக்காது பாஸ்டர். கழண்டு விழுந்திரும்," என்றார் காக்கா. உலகம் முடிவதைப் பற்றி அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

பாஸ்டர் யோசித்தார். "வெறுந்தாள் வைச்சுக் கட்டுங்கோ. ஆனால் ஒண்டும் எழுதக்கூடாது."

3

ஒவ்வொரு தாளின் அடியிலும் எபிரேய மாதப் பெயர் இருந்தது. தேபேத், சேபாத், ஆதார், நிசான். எழுத்துச் சரியா என்று ஃபோனில் தேடினேன். அந்த வருடத்தில் ஆதார் இரண்டு முறை வந்தது. அச்சுப்பிழை என்று நினைத்து வேறிடத்தில் பார்த்தேன். அங்கும் இரண்டு.

எங்கள் மாதங்கள் பிறையைப் பார்த்துக்கொண்டு ஊர் சுற்றும். நோன்பு ஒருமுறை மழையில் வரும், ஒருமுறை வெயிலில் வரும். யூதர்கள் அப்படி விடுவதில்லை. பஸ்கா வசந்தத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகப் பத்தொன்பது வருடத்தில் ஏழு தடவை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். அவர்களுடைய 5784 அப்படிப்பட்ட வருடம். பாஸ்டர் ஒரு ஆதாரை விட்டுவிட்டார். உலகம் முடிவது முப்பது நாள் பிந்தி, ஏப்ரல் 23.

காக்காவிடம் சொன்னேன்.

"எழுத்துப் பிழைய மட்டும் பாருங்க சுஹைரா. மத்தவங்கட வேதத்துல கை வைக்க வாணாம்."

'பிழை இல்லை' என்று கையெழுத்துப் போட்டேன். இந்தக் கதையில் பொய் சொன்ன முதல் ஆள் நான்தான்.

4

பாஸ்டரின் மனைவி கமலேஸ்வரியை முதலில் அழுதுகொண்டு வர வைத்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அவர் அழவில்லை. ஜனவரி நடுவில் ஒரு காலை நேரம் குடையோடு வந்து, கதிரையில் அமர்ந்து, கைப்பைக்குள்ளிருந்து ஒரு கிளினிக் அட்டையை எடுத்தார்.

"தங்கச்சி, மிச்ச நாளையும் அடிச்சுத் தருவீங்களோ? ஒண்டு காணும், கூட வேண்டாம்."

"பாஸ்டர் சொன்னவரா?"

"அவருக்குத் தெரியாது. மகள் கஜந்திக்குப் பிள்ளை பிறக்க ஏப்ரல் ஏழாம் திகதி குடுத்திருக்கினம். அவர் அட்டையைப் பாத்திட்டு, அப்பிடியொரு நாளே இல்லையெண்டு சொல்லிப்போட்டார். தொட்டில் வாங்க விடுறாரில்லை. மகள் சாப்பிடாமல் கிடக்கிறாள்."

"நீங்க நம்புறீங்களா அக்கா, மார்ச்சோட முடியுமெண்டு?"

"ஓம், நம்புறன்," என்றார். "அதுக்காகத் தொட்டில் வாங்காமல் இருக்க ஏலுமோ?"

ஒன்றுக்கும் ஐம்பதுக்கும் அச்சுத்தகடு ஒன்றுதான் என்று காக்கா ஐம்பதாகவே அடித்தார். அது நல்லதாகப் போயிற்று. அடுத்த கிழமை குச்சவெளியிலிருந்து சபையைச் சேர்ந்த மீனவர் ஒருவர் மிச்ச நாள் கேட்டு வந்தார். நம்பிக்கை இல்லாமலில்லை, கடலுக்குப் போகிற நாள் பார்க்க வேண்டும் என்றார். ஒரு ஆசிரியை வந்தார், தவணைப் பரீட்சைக்காக. மாதம் முடிவதற்குள் இருபத்தாறு பேர். ஒவ்வொருவரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சபையில் மற்றவர்களுக்குச் சொல்லிவிட வேண்டாம் என்று தனித்தனியாகக் கேட்டுக்கொண்டார்கள்.

5

பெப்ரவரிக் கடைசியில் பாஸ்டரே வந்தார். கையில் ஒரு தாள். ஏப்ரல் ஏழு.

"இது என்ர மனுசியின்ர அலுமாரிக்குள்ள இருந்தது. ஆர் அடிச்சது?"

காக்கா இயந்திரத்துக்கு எண்ணெய் விடப் போனார். அதற்கு எண்ணெய் தேவைப்படவில்லை.

"நாங்கதான் அடிச்சது," என்றேன். "பாஸ்டர், இருங்க. உங்கட கணக்குல ஒரு மாசம் விடுபட்டிரிக்கி."

ஃபோனைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். முதலாம் ஆதார், இரண்டாம் ஆதார். விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். முப்பது வருடம் தினமும் கடலை அளந்து எழுதிய மனிதர் தன் பிழையை என் முன்னால் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப ஏப்ரல் இருபத்திமூண்டு," என்றார் மெல்ல.

"ஓம்."

"ஏழாம் திகதி பிள்ளை பிறந்தால்…" மறுபடி விரல் மடித்தார். "பதினாறு நாள். பதினாறு நாள் நான் பிள்ளையைப் பாக்கலாம்."

அன்று போகிற வழியில் அவரே தொட்டில் வாங்கிக்கொண்டு போனார்.

[இங்கே முடித்திருந்தால் நல்ல கதை. முடிக்கப் பார்த்தேன். ஆனால் திகதி வந்துகொண்டிருந்தது.]

6

கஜந்திக்கு ஏப்ரல் ஒன்பதாம் திகதி பெண்பிள்ளை பிறந்தது. நிசான் மாதத்தின் முதல் நாள் என்று பாஸ்டர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அதன்பின் தினமும் தொலைபேசி. பிள்ளை தும்மியது. பிள்ளை அவருடைய விரலைப் பிடித்தது.

இருபத்து மூன்றாம் திகதி நடந்ததைக் கமலேஸ்வரி அக்கா சொன்னார். முப்பத்தொரு பேரும் வெள்ளை உடுத்து வந்தார்கள். பகல் முழுக்கப் பாடினார்கள். மத்தியானம் பசித்ததால் சோறு சமைத்தார்கள். எபிரேய நாள் பொழுது சாயத்தான் முடியும் என்பதால் சூரியனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். குச்சவெளிக்காரருக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று அவரை மட்டும் முன்னதாக விட்டார்கள். சூரியன் விழுந்தது. பிள்ளை பாலுக்கு அழுதது. பாஸ்டர் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "கணக்கை இன்னொருக்காப் பாக்கிறன்," என்றாராம்.

முந்தாநாள் அவர் இங்கே வந்தார், கணக்குக் கொப்பியோடு.

"பிழை இருக்கோணும். பாருங்கோ."

"எப்பிடிப் பிழை, பாஸ்டர்?"

"மாசக் கணக்கில சின்னப் பிழை வேண்டாம். சபை என்னில கோவமாயிருக்குது. ஒரு மாசமெண்டால் திரும்பவும் அதே பாடு." வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பெரிசாப் பாருங்கோ தங்கச்சி. பிள்ளை பள்ளிக்கூடம் போகுமட்டும்."

நேற்று முழுவதும் பார்த்தேன். ஒவ்வொரு வரியாக, மொழியாக அல்ல, எண்ணாக. தானியேலின் காலத்திலிருந்து எண்ணிய இன்னொரு பக்கத்தில், கி.மு. ஒன்றுக்கும் கி.பி. ஒன்றுக்கும் இடையில் பூச்சிய வருடம் இல்லை என்பதையும் அவர் கவனித்திருக்கிறார். ஆதாரைத் திருத்தியபின் கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. உலகம்தான் அதற்கு ஒத்து வரவில்லை.

காக்காவிடம் கேட்டேன். வேதத்தில் கை வைக்க வேண்டாம் என்று இம்முறை அவர் சொல்லவில்லை. "அந்தப் புள்ளைக்கி எத்தின வயசுல பள்ளி தொடங்கும்?" என்று மட்டும் கேட்டார்.

நாளை பத்து மணிக்கு அவர் வருவார். பிள்ளையையும் கொண்டுவருகிறாராம். 'பிழை இல்லை' என்று நான் ஏற்கெனவே ஒரு தடவை கையெழுத்திட்டிருக்கிறேன், அப்போது அது பொய். இம்முறை அது உண்மை. என் கையால் எழுத முடியவில்லை.

அதனால் கொப்பியின் கடைசிப் பக்கத்தை உங்களுக்கு விட்டு வைத்திருக்கிறேன். பாஸ்டரை உங்களுக்கு இப்போது தெரியும். பிழை எத்தனை வருடம் என்று நீங்களே போடுங்கள்.

பென்சிலால் எழுதினால் போதும்.