மேசை மேல் இருந்த பார்சல்

வளைகுடாவில், ரோலா கடைத்தெருவில் எங்கள் ஃப்ரேம் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்சியாளர் படத்தை ஃப்ரேம் போட்டுப் பழுப்புத் தாளில் சுற்றிவிட்டால், அதைத் தரையில் வைக்கக் கூடாது. மேசைதான். மற்ற பார்சலெல்லாம் தரையில், சுவரோரம். மேலே பேர்கூட எழுதுவதில்லை. மேசையில் இருந்தால் அது படம், அவ்வளவுதான். முதலாளி சாதிக் பாட்ஷா காயல்பட்டினத்துக்காரர், பயத்துக்கு மரியாதை என்று பேர் வைத்துப் பிழைக்கிறவர். நான் செல்வசிங், முட்டத்துக்காரன், அவரிடம் ஃப்ரேம் போடுகிறவன். எனக்கு மட்டும் பயம் இல்லையா என்ன?

அன்று மேசையில் ஓர் அரசு அலுவலகத்துக்கான படம். தரையில் ஒரு வெள்ளைக்கார வாத்தியாரின் பழைய அச்சுப்படம். அதே அளவு, அதே தங்க ஃப்ரேம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் ஆட்களே அவர்கள் அரசாங்கத்தைக் கிண்டலடித்து அச்சடித்ததாம். பீப்பாய் மாதிரி ஒரு மந்திரி வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கிறார். எலும்பும் தோலுமான சனங்கள் ஏணியில் ஏறித் தங்கள் ரொட்டியை அந்த வாய்க்குள் கொட்டுகிறார்கள். "இதைக் கடை ஜன்னலில் மாட்டுவார்களாம், தெருவே நின்று சிரிக்குமாம்" என்றார் வாத்தியார்.  கண்ணாடியைத் துடைக்கும்போதுகூட மந்திரியின் முகத்தைப் பார்க்காமல்தான் துடைத்தேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால், அலுவலகத்துக்குப் பார்சலை டிரைவர் டெனிஷ் எடுத்துப் போயிருந்தான். அப்படியானால் மேசை காலியாக இருக்க வேண்டும். இல்லை. ஒரு பார்சல் இருந்தது.

தாளின் ஓரத்தைக் கிழித்துப் பார்த்தேன். ஆட்சியாளர் படம். 

"பாய், வாத்தியார் பார்சல் எங்க?"

"ஏசி ஒழுகுச்சுப்பா. நனைஞ்சிரும்னு நான்தான் தூக்கி மேசையில வச்சேன்" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டெனிஷுக்குப் போன் போட்டேன். "மேசையில முன்னால இருந்தத எடுத்தேன் மக்கா. குடுத்துட்டு வந்துட்டேன்லா."

பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் போனா கடை போயிரும். நீ போய்ச் சொல்லு செல்வா." நான் போனால் என்ன போகும் என்று அவர் யோசிக்கவில்லை. என் விசா போகும். அதோடு, என் விசாவை நம்பி இருக்கும் மகள் அக்ஸாவின் விசாவும் போகும். பிளஸ் டூ படிக்கிறாள். சரியான படத்தை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் உட்கார்ந்தேன். செபமாலை சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் மறந்துபோனது.

நான் போவதற்குள் பிரித்துவிட்டார்கள். சோபாவில் சாய்ந்திருந்த மந்திரி வாயைப் பிளந்தபடி இருந்தார். வெள்ளைக் கந்தூரா அங்கியில் அரபி அதிகாரி ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் இது?" என்று இந்தியில் கேட்டார்.

"இங்கிலாந்து, சார். ரொம்பப் பழசு. வேற கஸ்டமர். மாறிப்போச்சு." எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

அவர் இன்னும் கொஞ்சம் பார்த்தார். பிறகு சிரித்தார். வாய்விட்டு, நல்ல சிரிப்பு. பக்கத்து அறைக்காரர்களைக் கூப்பிட்டார், அவர்களும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவர் மட்டும், நம்ம ஊர்க்காரர் போலிருக்கிறது, தட்டை வைத்துவிட்டுப் படத்தைப் பார்க்காமலே வெளியே போய்விட்டார்.

"நல்லா இருக்கு, இல்லையா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

சிரித்தால் எதைப் பார்த்துச் சிரித்தாய் என்று வரும். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று வரும். நான் சிரித்தேன். என் தொண்டையிலிருந்து வந்தது சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. அவர் போனை எடுத்து, என்னைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். "மாஃபி முஷ்கில்", பிரச்சினை ஒன்றுமில்லை, என்று தோளைத் தட்டி, படத்தை மாற்றித் தந்து, தண்ணீர் பாட்டில் ஒன்றும் கொடுத்தார். நல்ல மனுஷன். பொய் சொல்லவில்லை, நல்ல மனுஷன்தான்.

நர்ஸ் டூட்டி முடிந்து வந்த என் மனைவி சுகிர்தராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப பிரச்சன ஒண்ணும் இல்லல்லா?"

"இல்ல."

"போட்டோவுல நீங்க சிரிச்சிட்டா நிக்கிய?"

"ஆமா."

 அவள் பீரோவைத் திறந்து அக்ஸாவின் சர்டிபிகேட்டுகளை எடுத்துப் ஊருக்குப் போகும் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். "போட்டோ அவங்க கையிலல்லா இருக்கு" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து, மகளின் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக் கொடுத்தேன்.