இரண்டாவது திரை

இப்போதெல்லாம் எவனும் எடுத்த வேலையை முழுசாக முடிப்பதில்லை. ஓடு மாற்ற வருகிறவன் இரண்டு ஓட்டை மறந்துவிட்டுப் போகிறான். மழை வந்தால்தான் தெரிகிறது. கண் டாக்டர்களும் அந்த ரகம்தான் என்பது குரோஸ்தானின் முடிவு. டிராக்டர் ஓட்டி ஓய்ந்தவர், எழுபத்தெட்டு வயது.

இடது கண் எப்போதோ போய்விட்டது. வலது கண்ணில் புரைத் திரையை எடுத்து லென்ஸ் வைத்து ஒன்றரை வருஷம். மனைவி ருசிகா செத்து ஒரு வருஷம். அவள் போனபிறகு அந்தக் கண்ணில் மறுபடி வெள்ளை படர்ந்தது. சாயங்காலமானால் ஜன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் அவள் நின்றாள். கண்ணை மூடினால் இல்லை, திறந்தால் அங்கேயே. யாரிடமும் அவர் சொல்லவில்லை.

வருஷம் முடிந்ததும், அந்த ஊர் வழக்கப்படி, செத்தவர் படமும் பெயரும் போட்ட தாளை அச்சடித்து வாசல் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டினார். மறுநாள் பக்கத்து வீட்டு ஸ்தாமென் வேலியோரம் வந்து தொப்பியைக் கழற்றினான்.

“அண்ணே, நீங்க எப்ப செத்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பூவோட வந்திருப்பேனே.”

“உளறாதடா.”

“படம் அண்ணியோடது. பேரு உங்களுது. கீழ ‘பிரிவால் வாடும் மனைவி ருசிகா’ன்னு போட்டிருக்கு. அச்சுக்காரப் பொண்ணு மாத்திப் போட்டுடுச்சு. நீங்க படிச்சுப் பாக்கலையா?”

அச்சடிக்கும் முன் அந்தப் பெண் படிக்கத்தான் கொடுத்தாள். சரி என்று தலையையும் ஆட்டினார். அந்த வெள்ளைக்குள் எழுத்து எங்கே தெரிந்தது? ஆனால் மாற்றியது அச்சுக்காரியா, ஜன்னலில் நிற்கிறவளா? அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஸ்தாமென்தான் காரில் ஏற்றி வ்ரத்சா நகரத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனான்.

“லென்ஸ்ல கோளாறு இல்ல ஐயா,” என்றார் டாக்டரம்மா. “அதைத் தாங்குற மெல்லிசான பை உங்க கண்ணோடது. அதுல ஒட்டியிருந்த செல்லுங்க வளந்து பின்னாடி படர்ந்திருக்கு.”

“உயிரோடவா?”

“உயிரோடதான்.”

“அப்ப சுத்தமா எடுத்தாச்சுன்னு சொன்னது பொய்.”

“அத்தனையையும் எடுக்க முடியாது ஐயா. இப்ப லேசர்ல நடுவுல ஒரு ஓட்டை போட்டா போதும். ரெண்டு நிமிஷம்.”

“ஓட்டை போட்டா, அங்க நிக்கிறது எங்க போகும்?”

செல்லைத்தான் கேட்கிறார் என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார். “எங்கயும் போகாது. துணுக்குத் துணுக்கா கண்ணுக்குள்ளயே அடியில இறங்கிடும்.”

வெளியே போகாது. அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவர் முகவாயை இயந்திரத்தில் வைத்தார்.

சாயங்காலம் வீட்டு ஜன்னலில் சீலை மட்டும் தொங்கியது. ஓரத்தில் தையல் விட்டிருந்ததுகூடத் தெரிந்தது. கடைக்கண்ணில் கறுப்பாக ஒன்று மிதந்து இறங்கியது. சட்டென்று திரும்பினார். யாருமில்லை.

“அந்தத் தாளைக் கிழிச்சிடுங்க அண்ணே,” வாசலில் இருந்து ஸ்தாமென் சொன்னான். “பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு.”

போய் நின்று படித்தார். இப்போது ஒவ்வொரு எழுத்தும் துல்லியம். குரோஸ்தான். நீ இல்லாமல் ஒரு வருஷம்.

“அச்சுப் பிழைதானே.”

“அப்படித்தான் சொல்றாங்க.”

தாளின் ஒரு மூலை பெயர்ந்து காற்றில் ஆடியது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தார்.