தேர்வு நாள் காய்ச்சல்

ஆசிரியர் அறையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. கணக்கு டீச்சர் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். மறுநாள் ஆண்டுத் தேர்வு. வகுப்பின் சராசரி ஏறினால் சம்பளம் ஏறும், இறங்கினால் குறையும். பள்ளியில் இந்த வருடம் வந்த சட்டம் அது. வீட்டிலோ சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருக்கும் கணவர். சம்பளம் குறைந்தால் மருத்துவமனைக்கு எதைக் கொண்டு போவது?

இதற்கு மற்ற டீச்சர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தேறாத பிள்ளைகளுக்குத் தேர்வன்று மட்டும் காய்ச்சல் வந்துவிடும். வராத பிள்ளை சராசரியில் சேராதே! இவளுக்குத்தான் நாக்கு எழவில்லை. வகுப்பே ‘நத்தை’ என்று கூப்பிடும் மாணவி ஒருத்தி இவள் மேல் உயிராக இருந்தாள். இடைவேளையில் விளையாடப் போகாமல் இவள் நாற்காலியோரம் உட்கார்ந்து வகுத்தல் கணக்கோடு மல்லுக்கட்டுவாள். விடை சரியாகவே வரும். ஆனால் தேர்வு மணி அதுவரை காத்திருக்காது.

கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு நத்தையின் அம்மாவுக்குப் போன் போட்டாள். “அவளுக்குப் படிப்பு வராதும்மா, நாளைக்குக் காய்ச்சல்னு வீட்டுலயே வச்சுக்கோங்க” என்றாள். சலவைக் கடையில் துணி தேய்க்கும் அந்தம்மா மறுபேச்சுப் பேசவில்லை. நன்றி வேறு சொன்னாள். பாவி மனசுக்கு அந்த நன்றிதான் தாங்கவில்லை.

சராசரி ஏறியது, சம்பளமும் ஏறியது. விடுமுறை முடிந்தும் நத்தையை மட்டும் காணோம். டீச்சர் சலவைக் கடைக்கே தேடிப் போனாள். ஆவி பறக்கும் மேசைக்குப் பின்னால் சட்டை மடித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு இவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“நம்ம கிளாஸுக்கு நல்ல மார்க் வந்துச்சா டீச்சர்?”

“வந்துச்சும்மா. நீ ஏன் ஸ்கூலுக்கு வரல?”

“நான் பரீட்சை எழுதினா உங்களுக்குச் சம்பளம் குறையுமாமே. பசங்க சொன்னாங்க. அடுத்த வருஷமும் பரீட்சை வருமில்ல, அதான் நின்னுட்டேன்.”

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும்படி டீச்சர் அவள் அம்மாவிடம் கெஞ்சினாள். அந்தம்மா கோபப்படவில்லை. தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: “அவளுக்குப் படிப்பு வராதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க டீச்சர். இனிமே வேற யார் சொல்லி நான் நம்பறது?”

டீச்சர் அங்கிருந்து நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனாள். கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

“பிள்ளைங்க மார்க்கோட எங்க சம்பளத்தை முடிச்சுப் போடாதீங்க மேடம். போட்டா எங்க கண்ணுக்கு மார்க்குதான் தெரியும், பிள்ளை தெரியாது. படிக்கணும்னு வந்த பிள்ளையை நானே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டேன். இனி எந்தச் சம்பளத்தைக் கொடுத்து அவளைத் திருப்பிக் கூட்டிட்டு வரப்போறோம்?”