ஓடைக்கு அக்கரை

ஃபெர்னான் செத்துப்போன செய்தி கேட்டதும் வெராக் கிராமத்து மேயர் அதேலுக்கு முதலில் வந்தது அழுகையல்ல. ஓடைதான் நினைவுக்கு வந்தது.

அந்த ஓடைதான் ஊரின் எல்லை. ஃபெர்னானின் வீடு அக்கரையில், பக்கத்து ஊரான மொந்தேலைச் சேர்ந்தது. ஆனால் அவன் ரொட்டி வாங்கியது, சீட்டாடியது, பூசைக்கு வந்தது எல்லாம் இக்கரையில். வெராக்கில் யார் இறந்தாலும் குழி வெட்டியவனும் அவனே. அதேலின் கணவர் எதியேனுக்கு வெட்டிய அன்று பாறை தட்டியது.

"இதுக்குக் கீழ போகாது மேயரம்மா, ஒரே குழியில ரெண்டு பேருக்கு ஆழம் பத்தாது. உங்களுக்குப் பக்கத்துலயே தனியா வெட்டித் தரேன். ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வாங்க" என்று சொல்லி, அழுதுகொண்டிருந்தவளைச் சிரிக்க வைத்தான்.

அந்தப் பக்கத்து இடம்தான் கல்லறைத் தோட்டத்தில் இப்போது மிச்சம். சுவருக்கு வெளியே ஊற்று என்பதால் தோட்டத்தை விரிக்கவும் வழியில்லை. அதேல் அதை எழுதி வாங்கவில்லை. ஆனாலும் அது மேயரம்மாவின் இடம் என்று ஊருக்கே தெரியும்.

துணை மேயர் லூசியன் தொப்பியைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார். நகரத்து ஆஸ்பத்திரியில் ஃபெர்னானைக் கடைசியாகப் பார்த்தவர் அவர். வெராக் மண்ணில்தான் புதைக்க வேண்டும் என்று கேட்டானாம். சட்டப்படி அவனுக்கு உரிமையில்லை. ஊரில் குடியிருக்கவில்லை, ஊரில் சாகவில்லை, குடும்பக் கல்லறையும் கிடையாது. மேயர் மனம் வைத்தால்தான் உண்டு.

மனம் வைக்கலாம்தான். ஆனால் போன வசந்தத்தில், மன்ற உறுப்பினர் தெரேஸ் வெளியூரில் இறந்த தன் அண்ணனுக்காக இதையேதான் கேட்டாள். அதேல் சட்டத்தைக் காட்டி அனுப்பிவிட்டாள்.

மாலையில் மன்றம் கூடியது. ஃபெர்னானை வெராக்கிலேயே புதைக்கலாம் என்று அதேல் சொன்னதும் தெரேஸ் எழுந்தாள்.

"எங்கண்ணன் பொறந்ததே இங்கதான். அவனுக்கு இல்லாத மனசு, குழிவெட்டிக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?"

"அன்னிக்கு நான் சட்டத்தைக் காப்பாத்தல தெரேஸ். என் இடத்தைக் காப்பாத்திக்கிட்டேன். இன்னிக்கு அதைத்தான் குடுக்கறேன்."

தெரேஸ் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நீ எங்க போவ?" என்று கேட்டாள்.

"மொந்தேல் மேயரைக் கேக்கணும். அவரும் சட்டம் தெரிஞ்சவருதான்."



குழி வெட்ட ஆளில்லை. லூசியனும் இரண்டு விவசாயிகளும் மண்வெட்டியோடு மல்லுக்கட்டினார்கள். ஒரு பக்கம் கோணலாகப் போயிற்று. ஃபெர்னான் இருந்திருந்தால் இதைச் சொல்லியே ஒரு வருஷம் கேலி செய்திருப்பான். தெரேஸ் கல்லறைத் தோட்டத்து வாசலருகே நின்றாள். உள்ளே வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை.

எல்லோரும் கலைந்த பிறகு அதேல் மார்பின் குறுக்கே அணிந்திருந்த மேயர் பட்டையைக் கழற்றி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். எதியேனின் கல்லறைக் கல்லைத் தொட்டாள். வீட்டுப் பக்கம் திரும்பாமல் பாலத்தைத் தாண்டி, மொந்தேல் கல்லறைத் தோட்டம் இருந்த மேட்டில் ஏறினாள். அங்கே தாராளமாக இடம் இருந்தது.

ஒவ்வொரு மூலையாகப் போய் நின்று வெராக்கைப் பார்த்தாள். எங்கிருந்து பார்த்தாலும் கல்லறைச் சுவர்தான் தெரிந்தது. எதியேனின் கல் தெரியவில்லை.