கருப்புத் துணியும் செவலைக் குதிரையும்

"ஒரு நிமிஷம்" என்று அந்த ஹாலந்துக்காரன் கேட்டது எத்தனையாவது தடவை என்று லிமகட்சோவுக்கு நினைவில்லை. அருவியின் அடியில் பாறையோடு ஒட்டியிருந்த உறைபனியைப் படமெடுக்க ஒரு நிமிஷம். தூவானத்தில் வானவில் விழுந்தால் ஒரு நிமிஷம். ஒன்றுமில்லாத கல்லுக்கும் ஒரு நிமிஷம். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. லெசோத்தோ மலைக்கு இவ்வளவு தூரம் பறந்து வந்தவன் கண்ணை மூடிக்கொண்டா திரும்புவான்? ஆனால் வெயில் பள்ளத்தாக்கை விட்டு மேல்விளிம்புக்கு ஏறிவிட்டது. அவள் அவனைவிட அதைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவன் மொலெஃபி குளிர் தொடங்கும் முன் இறந்துபோனான். அன்று உடுத்திய கருப்பு உடையை, சொந்தபந்தம் கூடி ஆடறுத்துக் கழற்றிவிடும்வரை அவள் உடுத்தியாக வேண்டும். கருப்பில் இருக்கிற பெண் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இருட்டில் அவள் வெளியே நடந்தால் ஊர் வயலில் ஆலங்கட்டி விழும் என்பார்கள். மொலெஃபி விட்டுப்போனது ஒரு செவலைக் குதிரையும், ஊர்க் குதிரைக்காரர்கள் வரிசைப்படி பயணிகளை அருவிக்குக் கூட்டிப்போவதில் அவனுக்கிருந்த முறையும்தான். வீட்டில் அடுப்பெரிவதே அதனால். கொழுந்தன் மொசியுவா குடும்பத்தைக் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டான்: "அண்ணி போகட்டும். ஆனா ஒரு நாள் பொழுது தாண்டினாலும் குதிரை என் தொழுவத்துக்கு வந்துடும்." பெரியவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்ட என்ன சிரமம்?

"போதும்ப்பா, ஏறலாம் வா" என்று அவள் கத்தியது அருவிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. வானவில்லுக்குப் பக்கத்தில் போகிறேன் என்று இன்னும் இரண்டடி வைத்தான். பனிபடிந்த கல் வழுக்கிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் இடுப்புவரை நனைந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றான்.

"உன் மன்னிப்பை வச்சு நான் என்ன பண்ணட்டும்? எந்திரிக்க முடியுதா?"

முடியவில்லை. லிமகட்சோ மேலே பார்த்தாள். தனியாக ஏறினால், விளிம்பில் கட்டியிருக்கும் குதிரையைத் தட்டிவிட்டு வெளிச்சத்திலேயே வீடு போய்விடலாம். ஆளனுப்பலாம். தப்பே இல்லை. யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

"நான் போய் நாலு பேரை அனுப்பறேன்" என்றாள்.

"போங்கம்மா, நான் இருக்கேன்" என்றான் அவன். பல் தந்தியடித்தது. ஈரக் கால்சட்டை அதற்குள் விறைக்கத் தொடங்கியிருந்தது. ஆட்கள் வந்து சேர்வதற்குள் இவனும் ஒரு கல்லாகியிருப்பான்.

அவனைத் திட்டினாள். பிறகு செத்துப்போன மொலெஃபியையும் திட்டினாள். தன் கம்பளியைக் கழற்றி அவன்மேல் சுற்றினாள்.

"கையை என் தோள்ல போடு. முழுசாப் போடு, நான் ஒண்ணும் கண்ணாடி இல்ல."

கருப்பில் இருப்பவளை யாரும் தொடக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அதையெல்லாம் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

ஏற்றம் ஏறி முடியவேயில்லை. அவன் நல்ல உயரம், அதற்கேற்ற கனம். நான்கடிக்கு ஒருமுறை நின்றார்கள். ஒரு இடத்தில் இருவரும் சேர்ந்து சரிந்ததில் அவள் முழங்கால் கிழிந்தது. விளிம்புக்கு வந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. அவனைக் குதிரைமேல் ஏற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவசரப்பட இனி ஒன்றுமில்லை என்பதால் மெதுவாகவே நடந்தாள்.

ஊர் முகப்பில் மொசியுவா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தான். அவனைச் சுற்றி வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். நேராகக் குதிரையிடம்தான் வந்தான். குனிந்து அதன் கால்களைத் தடவிப் பார்த்தான்.

"குதிரை நொண்டலையே?"

"நான்தான் நொண்டறேன், தம்பி. அதை யாரு கேக்கறா?"

"பொழுது சாஞ்சு எவ்வளவு நேரமாச்சு, அண்ணி?"

"அதைப் பாக்கத்தானே நிக்கற. நீயே சொல்லு."

ஹாலந்துக்காரனை நாலு பேர் இறக்கி விடுதிக்குத் தூக்கிப் போனார்கள். பூசணிக்காய் மாதிரி வீங்கிய காலை ஒருவன் தனியாக ஏந்திக்கொண்டான். லிமகட்சோ கயிற்றைக் கொழுந்தன் கையில் வைத்தாள்.

"இந்தா. இனி உன்னோடது. காலைல ரெண்டு பேர் காத்திருப்பாங்க. அருவிக்குக் கீழ வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். ஒருத்தர் இவனைவிடப் பெருசு."

"நானா?"

"பின்னே? குதிரை எந்த வீட்ல நிக்குதோ அந்த வீட்டு ஆள்தான் இறங்கணும். குதிரைக்காரங்க எல்லாரும் சேர்ந்து போட்ட சட்டம். கீழ கல்லெல்லாம் பனி, பாத்துக் கால் வை."

பக்கத்து வீட்டு புசெலெட்சோ சிரித்துவிட்டாள். "போயேன் மொசியுவா! உன் வயித்துக்கு நடக்கவே வேணாம், உருண்டே போயிடலாம்."

மொசியுவா சிரிக்கவில்லை. தூக்கிப் போகும் காலைப் பார்த்தான். அண்ணியின் முழங்காலில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தான். பிறகு மேற்கே பார்த்தான். மலைமேல் நகக்கீறலாக ஒரு வெளுப்பு. மற்ற இடமெல்லாம் நட்சத்திரம்.

"அங்க இன்னும் வெளிச்சம் இருக்கே" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "யார் சொன்னது இருட்டிடுச்சுன்னு? அண்ணி நேரத்துக்குத்தான் வந்திருக்காங்க."

கயிற்றை அவள் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று நடையைக் கட்டினான். அவன் சொன்னதை மறுக்க யாருக்கும் அக்கறையில்லை. குளிரில் கூட்டம் கலைந்தது.

குதிரை அவளுக்கே மிஞ்சியது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வந்ததோ அழுகை. குதிரை போய்விட்டால் நாளைக்கு ஒரு நாளாவது விடிந்த பிறகும் படுத்திருக்கலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்திருந்தாள்.